கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று: அடுத்த நான்கு மாதத்துக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் கணவன், மனைவி, ஒரு பையன். பையனுக்கு 22 மாதம், எடை 11 கிலோ. முதல் பிரசவம் சுகப்பிரசவம். இப்போது அம்மாவுக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. பையன் மதியத் தூக்கத்துக்கும் இரவிலும் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். நாள் முழுக்கத் தூக்கச் சொல்லி அழுகிறான். கணவர் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிறது. "பால் குடுத்தா வயித்துப் பிள்ளைக்குச் சேராது, இவனைத் தூக்குனா அது கலைஞ்சிரும், ஏற்கெனவே பையன் சவலையாயிட்டான்" என்று மாமியார் சொல்கிறார். பால் மறக்கடிக்க வேண்டுமா, தூக்கலாமா, மூத்தவனை எப்படித் தயார் செய்வது, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்பதுதான் கேள்வி.

மாமியார் சொன்னதில் "சவலை" என்ற சொல்லை மட்டும் தள்ளிவிடாதீர்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் தாய்ப்பாலை இழந்து இளைத்துப்போகும் பிள்ளையைத்தான் நம் பாட்டிமார் சவலைப் பிள்ளை என்றார்கள். 1930களில் இன்றைய கானாவில் வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், கைகால் வீங்கி, முடி வெளுத்துப்போன குழந்தைகளைக் கண்டு, அந்த நோய்க்கு அவ்வூர் மக்கள் வைத்திருந்த பெயரையே மருத்துவ உலகுக்குச் சொன்னார்: குவாஷியோர்கோர். அடுத்த பிள்ளை வந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நின்ற பிறகு அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கூழ் மட்டும். பால் நின்றதோடு, அந்த இடத்தில் பருப்போ முட்டையோ மீனோ வராமல் போனதும் சேர்ந்துதான் பிள்ளையை வாட்டியது. ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மூத்தவனிடமிருந்து எதை எடுக்கிறீர்களோ, அதன் இடத்தில் வேறொன்றை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். பாலுக்கும் அதுதான், மடிக்கும் அதுதான், இரவில் பக்கத்தில் படுக்கும் இடத்துக்கும் அதுதான்.

முதலில் பால். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மூத்த பிள்ளைக்குப் பால் கொடுப்பதால் கரு கலைவதில்லை. பிள்ளை சப்பும்போது, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரப்பது உண்மை. ஆனால் கர்ப்பப்பை அதற்கு நன்றாக இணங்குவது நிறைமாதம் நெருங்கும்போதுதான். வயிற்றுப் பிள்ளையின் ஊட்டமும் நீங்கள் சரியாகச் சாப்பிடும்வரை குறையாது. அதே நேரம், யார் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவு: இந்தக் கர்ப்பத்தில் ரத்தப்போக்கு இருந்தவர்கள், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், எடை ஏறாதவர்கள். இவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடரக் கூடாது. மற்றவர்களும், பால் கொடுக்கும்போது வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விட்டால், படுத்து ஓய்வெடுத்தும் ஒரு மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் அப்படி வந்தால், நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சூட்டு வலிதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

கர்ப்பத்தில் பாலுக்கு நடப்பது இது. நான்காம், ஐந்தாம் மாதத்திலிருந்து பால் தானாகக் குறையும். ருசியும் மாறும், ஏனென்றால் மார்பு மறுபடி சீம்பாலுக்குத் தயாராகிறது. சில பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். சிலர் வெறுமனே சப்பிக்கொண்டே இருப்பார்கள். அது உங்களுக்குக் காம்பு எரிச்சலாக, பொறுக்க முடியாத ஆத்திரமாகக்கூட வரும். அந்த ஆத்திரம் ஹார்மோனால் வருவது, பிள்ளைமேல் பாசம் குறைந்துவிட்டதால் அல்ல. பால் குறைந்தபின் அவன் பசியோடு எழுவான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். படுக்கப் போகுமுன் வயிறு நிறையச் சாப்பாடு போயிருக்க வேண்டும்.

நிறுத்துவதா தொடர்வதா என்பதில் இரண்டுமே நல்ல வழிகள்தான். நடுவில் நிற்பதுதான் கெட்ட வழி. நிறுத்துவதானால் ஏழாம் மாதம் முடிவதற்குள் நிறுத்திவிடுங்கள். அப்போது தம்பியோ தங்கையோ பால் குடிப்பதை அவன் பார்க்குமுன் குறைந்தது இரண்டு மாத இடைவெளி கிடைக்கும். ஒன்பதாம் மாதத்தில் பிடுங்கிவிட்டு, பத்தாம் மாதம் இன்னொரு பிள்ளையை அதே மடியில் பார்த்தால் அவன் கணக்கில் அது திருட்டு. அதுவரை முடியவில்லை என்றால் நிறுத்தவே வேண்டாம். இரண்டு பேருக்கும் கொடுக்கலாம். பிறந்த குழந்தைக்குச் சீம்பால் தீர்ந்துபோய்விடும் என்ற பயம் வேண்டாம், அது பிரசவம் வரை ஊறிக்கொண்டேதான் இருக்கும். முதல் சில நாட்கள் மட்டும் சின்னது குடித்த பிறகே பெரியவனுக்கு. சீம்பால் குடித்து மூத்தவனுக்கு இரண்டொரு நாள் இளக்கமாகப் போனால் அதற்கு மருந்து தேவையில்லை.

வேப்பெண்ணெய், வேப்பிலை அரைத்துத் தடவுவது, கருப்பு மையைப் பூசிப் "பூச்சி" என்று பயமுறுத்துவது எல்லாம் ஒரே நாளில் பலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு இத்தனை நாள் ஆறுதலாக இருந்த இடமே கசந்துபோகிறது. நான்கு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு குழந்தை சிரித்துக்கொண்டு குடிப்பதையும் அவன் பார்க்க வேண்டும். அதைவிட மெல்லக் குறைப்பதே நல்லது. பகல் பாலை முதலில் விடுங்கள். நீங்களாகக் கொடுக்காதீர்கள், கேட்டால் மறுக்காதீர்கள், கேட்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே பழமோ கதையோ மொட்டைமாடியோ வந்துவிடட்டும். எப்போதும் பால் கொடுக்கும் அந்த நாற்காலியில், அந்தக் கட்டில் மூலையில் உட்காராமல் இருந்தாலே பாதி கேள்வி குறையும். ஒரு வேளைப் பாலை விட்டால் அடுத்ததைத் தொடுமுன் ஐந்து, ஏழு நாள் இடைவெளி விடுங்கள். தூங்க வைக்கும் பால்தான் கடைசி. அதற்கு ஆள் மாற்றம் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

தாய்ப்பால் போன இடத்தில் பசும்பாலை வைத்து நிரப்புவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. நாளுக்கு 400, அதிகம் போனால் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் பிள்ளை சோறு சாப்பிடாது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, உணவிலிருந்து வரும் இரும்பையும் அது உடம்பில் ஏறவிடாது. "பால் மட்டும்தான் குடிக்கிறான், வேறு எதுவும் வாயில் வைக்க மாட்டேங்கிறான்" என்று வரும் வெளுத்துப்போன குழந்தைகள் பலரின் கதை இதுதான். இந்த வயதில் ஒரு வேளைக்கு 250 மில்லிக் கிண்ணத்தில் முக்காலிலிருந்து முழுக் கிண்ணம், நாளுக்கு மூன்று நான்கு வேளை, நடுவில் ஒன்றிரண்டு முறை தின்பண்டம் என்பது கணக்கு. தினம் ஒரு முட்டை. முட்டை சாப்பிடாத வீடென்றால் கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், வேர்க்கடலையை அரைத்துச் சேர்த்த கஞ்சி. முழு வேர்க்கடலையை இந்த வயதில் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ரசத்தைத் தெளிவாக ஊற்றிப் பிசைந்த சோறு வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. அடிமண்டியையும் பருப்பையும் நெய்யையும் சேர்த்துப் பிசையுங்கள். அங்கன்வாடியில் அவனுக்கும் உங்களுக்கும் தனித்தனியாக இணைஉணவு மாவு உண்டு. உங்களுடையதை நீங்கள்தான் சாப்பிட வேண்டும்.

அவன் தட்டில் மிச்சம் வைத்ததை நீங்கள் வழித்துச் சாப்பிடும் பழக்கத்தைப் பிரசவம் வரை மட்டும் விட்டுவிடுங்கள். சோற்றை வீணாக்கக் கூடாது என்றுதான் எல்லா அம்மாக்களும் செய்வது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ என்ற வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைக்கு அது சாதாரணச் சளி மாதிரி வந்து போகும். வயிற்றுக் குழந்தைக்குப் போனால் சில சமயம் காது கேட்காமல் போகலாம். நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலேயே இது வந்து போயிருக்கும், ஆகவே பயந்து நடுங்க வேண்டியதில்லை. தனித் தட்டு, தனித் தம்ளர், முத்தம் வாயில் வேண்டாம் நெற்றியில் கொடுங்கள், ஜட்டி மாற்றியதும் மூக்குத் துடைத்ததும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். அவ்வளவுதான்.

இன்னொரு பயத்தையும் சேர்த்தே போக்கிவிடலாம். 16லிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி, போலியோ சொட்டு ஆகியவற்றை "அம்மா மாசமாக இருக்கிறாள்" என்று தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. தள்ளக் கூடாது. பிள்ளைக்குப் போடும் இந்த ஊசிகளால் உங்கள் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்தில்லை. பிள்ளைக்கு ரூபெல்லா வருவதுதான் ஆபத்து. உங்களுக்கு அம்மை வந்ததில்லை என்றால், மூத்தவனுக்கோ அண்டை வீட்டிலோ சின்னம்மை கண்ட அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டில் இப்போது இருப்பவற்றில் மூத்தவனுக்கு மிக ஆபத்தானது அதுதான். உங்களுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை பெரும்பாலும் சிவப்பு, வழவழப்பு, மேலே இனிப்புப் பூச்சும் இருக்கலாம்; அவன் கண்ணுக்கு அது மிட்டாய். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. 11 கிலோ பிள்ளை நான்கு மாத்திரை விழுங்கினாலே நஞ்சு அளவு தொடங்கிவிடும். பத்து, பதினொன்று என்றால் உயிருக்கே ஆபத்து. இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. முதல் சில மணி நேரம் வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்; பிறகு பிள்ளை தேறிவிட்டதுபோல் விளையாடும்; அந்த அமைதிக்குப் பிறகுதான் ஈரலும் ரத்த ஓட்டமும் பாதிக்கும். ஆகவே அட்டையில் எத்தனை குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள், அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தலையணைக்கு அடியில், ஃப்ரிட்ஜ் மேல், கைப்பையில் மாத்திரை இருக்கக் கூடாது; பூட்டும் அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்க வேண்டும். அவன் முன்னால் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், நீங்கள் செய்வதையெல்லாம் செய்து பார்க்கும் வயசு. இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயும் அந்த நேரத்தில் வேண்டாம்.

அடுத்தது தூக்குவது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 11 கிலோ பிள்ளையைத் தூக்கினால் கரு கலையாது. பாதிக்கப்படுவது உங்கள் இடுப்பும் முதுகும்தான், ஏனென்றால் கர்ப்பத்தில் மூட்டுத் தசைநார்கள் தளர்ந்துவிடும். நம் ஊர் வழக்கப்படி ஒரு பக்க இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஒரு கையால் அடுப்பு வேலை பார்ப்பதுதான் மிக மோசம். இடுப்பெலும்பின் பின்பக்கம், பிட்டத்துக்கு மேலே ஒரு இடத்தில் ஊசி குத்தினாற்போல் வலி வந்தால் காரணம் அதுதான். தரையிலிருந்து குனிந்து தூக்காதீர்கள். அவன் முதலில் முக்காலியிலோ சோபாவிலோ படியிலோ ஏறட்டும்; நீங்கள் முழங்காலை மடித்து, அவனை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுவதை ஏழாம் மாதத்திலிருந்து விட்டுவிடுங்கள். வயிறு மறைப்பதால் காலடி தெரியாது.

"தூக்கு" என்று அவன் கேட்பதில் முக்கால் பங்கு கால்வலி இல்லை, அருகில் வேண்டும் என்பதுதான். அதனால் "அம்மா வயித்துல பாப்பா இருக்கு, தூக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்னும் பிறக்காத பிள்ளைமேல் முதல் பழி அப்படித்தான் விழுகிறது. "அம்மாவுக்கு முதுகு வலிக்குது, நான் உட்காருறேன், நீ மடிக்கு வா" என்று சொல்லிவிட்டு உடனே தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டே மறுத்தால் அழுவான். உட்கார்ந்தால் பத்தில் எட்டு முறை அழுகை நிற்கும். குளிக்க வைக்கக் குந்தி உட்காராமல் மணை போட்டு உட்காருங்கள். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிட்டே வெளியே வாருங்கள். அம்மா அசந்து தூங்கும் மதிய நேரத்தில் கால் வாளித் தண்ணீர்கூட இந்த வயசுப் பிள்ளைக்கு ஆபத்து.

அவன் வயிற்றில் உதைத்துவிட்டான், மேலே குதித்துவிட்டான் என்ற பதற்றம் வரும். பனிக்குட நீரும் கர்ப்பப்பைச் சுவரும் சிறு உதைகளைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நீங்களே கீழே விழுந்தாலோ, பலமாக அடிபட்டாலோ, பிறகு வலி, ரத்தம், நீர்க்கசிவு, பிள்ளையின் அசைவு குறைவு என்று ஏதாவது தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் வலி இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள்; தேவையான ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இனி, கணவர் இதைப் படித்தே ஆக வேண்டும். இரண்டாவது குழந்தை வந்தபின் வீடு ஓடுமா நிற்குமா என்பதை முடிவு செய்வது ஒரே விஷயம்: மூத்தவனை அம்மா இல்லாமல் இன்னொருவர் தூங்க வைக்க முடியுமா. முடியாத வீட்டில் பிரசவ இரவிலிருந்தே அழுகை. அதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஆறாம் மாதம் தொடங்கியதும் ஆரம்பிக்கலாம். முதல் வாரம் அப்பா வந்ததும் இரவுச் சாப்பாட்டையும் உடம்பு துடைப்பதையும் அவரே எடுத்துக்கொள்வார். அம்மா பக்கத்திலேயே இருக்கலாம். எட்டு மணிக்கு வருகிறார் என்றால் பையனின் படுக்கை நேரத்தை ஒன்பதுக்குத் தள்ளுங்கள், மதியத் தூக்கத்தை மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். இரண்டாம் வாரம் அப்பா தூங்க வைப்பார். அம்மா அதே அறையில் திரும்பிப் படுத்திருப்பார், பால் கிடையாது. மூன்றாம் வாரம் அம்மா வீட்டிலேயே இருக்கக் கூடாது: பக்கத்து வீடு, மொட்டைமாடி, தெருவில் ஒரு நடை. அடுத்த அறையில் இருந்தால் வளையல் சத்தம் போதும் அவனுக்கு.

அப்பா அம்மாவைப் போலச் செய்ய முயல வேண்டாம். அவருக்கென்று ஒரு வரிசை இருக்கட்டும்: விளக்கை மங்கலாக்குவது, தோளில் போட்டு வீட்டுக்குள் மூன்று சுற்று, ஜன்னலில் நின்று தெருவுக்கு டாட்டா, ஒரே பாட்டு, பிறகு படுக்கை. ஒவ்வொரு நாளும் அதே வரிசை, அதே பாட்டு. இரண்டாம் மூன்றாம் இரவுதான் மிகவும் அழுவான். அன்று 40 நிமிடம் அழவிட்டுப் பிறகு அம்மாவைக் கூப்பிட்டுப் பால் கொடுத்தால் 40 நிமிடம் அழுதால் கிடைக்கும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். மறுநாள் 50 ஆகும். அவனைத் தனியாக விடவில்லை, அப்பா தோளில்தான் அழுகிறான் என்பதை இருவரும் நினைவில் வையுங்கள். காய்ச்சல், பல் முளைப்பு, ஊருக்குப் போய் வந்த அசதி என்றால் மட்டும் நிறுத்திவைத்து, சரியானதும் முதல் படியிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

மற்ற மாற்றங்களையும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், இரண்டை ஒரே மாதத்தில் செய்யாதீர்கள். தூளியிலிருந்து பாய்க்கோ கட்டிலுக்கோ மாற்றுவது எட்டாம் மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். தூளியைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிடுங்கள். இரண்டு மாதம் கண்ணில் படாமல் இருந்து பிறகு சின்னதுக்குக் கட்டினால் அது "என் தூளி" இல்லை. உள்ளாடையில் போகாமல் கழிவறைப் பழக்கம் கற்பிப்பதை இப்போது தொடங்கி ஆறு வாரத்தில் பிடிபட்டால் சரி. இல்லையென்றால் குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். கற்றதையும் அவன் மறப்பான், அதற்கு அடிக்க வேண்டாம். அங்கன்வாடிக்கோ விளையாட்டுப் பள்ளிக்கோ அனுப்புவதானால் இப்போதே அனுப்புங்கள். சின்னது வீட்டுக்கு வந்த வாரத்தில் கொண்டுபோய் விட்டால் வீட்டைவிட்டுத் துரத்தியதாகவே அவனுக்குப் படும்.

பாப்பா வருவதை ஆறு, ஏழு மாதத்தில் வயிறு நன்றாகத் தெரியும்போது சொன்னால் போதும். அதற்கு முன் சொன்னால் தினமும் காலையில் "பாப்பா வந்துருச்சா" என்று கேட்டுச் சலித்துவிடுவான். மாதக் கணக்கு அவனுக்குப் புரியாது, "மாம்பழம் வரும்ல, அதுக்கப்புறம்" என்று சொல்லுங்கள், அது எந்த மாதமோ அதற்கேற்ப. "விளையாட ஆள் வரப்போகுது" என்பது பொய் வாக்குறுதி. வரப்போவது அழுது தூங்கும் ஒரு துணிப் பொட்டலம். அதையே சொல்லுங்கள்: "பாப்பா குட்டியா இருக்கும், நிறைய அழும், அம்மாகிட்ட பால் குடிக்கும், நீயும் அப்படித்தான் இருந்தே." அவன் பிறந்தபோது எடுத்த படங்களைக் காட்டுங்கள், இந்த வயதில் அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. "தம்பி வேணுமா தங்கச்சி வேணுமா" என்று கேட்டுப் பழக்க வேண்டாம். அவன் கேட்டது வராவிட்டால் யார் பதில் சொல்வது? "பாப்பா வந்தா உன்னை யாரும் கொஞ்ச மாட்டாங்க" என்று கிண்டல் செய்யும் உறவினர்களை நேராக நிறுத்துங்கள், பெரியவர்களானாலும் சரி: "அத்தை, அவன் அதை நம்பிடுறான், சொல்லாதீங்க." அவ்வளவு சொன்னால் போதும்.

பிரசவத்துக்கு எங்கே போவது? முதல் பிள்ளைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்குப் போவது சரிதான். இரண்டாவதுக்கு அதையே செய்தால் மூத்தவன் ஒரே நாளில் அப்பாவையும் தன் வீட்டையும் பழகிய பாயையும் இழக்கிறான். கொஞ்ச நாளில் அம்மாவின் மடியும் போய்விடும். முடிந்தால் உங்கள் அம்மா இங்கே வருவதே நல்லது. முப்பத்தாறாம் வாரத்திலேயே வந்துவிட்டால் பாட்டியோடு பழக நேரம் கிடைக்கும். வர வழியே இல்லை, போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எட்டாம் மாதமே போங்கள். அவன் போர்வை, தம்ளர், தலையணை கூடப் போகட்டும். அப்பா ஞாயிறுதோறும் வருவதாகச் சொன்னால் வந்தே ஆக வேண்டும். வீட்டில் யார் யாரோ இருந்தும் அவன் சாப்பாடும் தூக்கமும் ஒருவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட வேகமாக நடக்கும். முதல் முறை 14 மணி நேரம் ஆனது என்று இம்முறையும் சாவகாசமாக இருக்காதீர்கள். வலி சீராக வரத் தொடங்கினாலோ பனிக்குடம் உடைந்தாலோ கிளம்பிவிட வேண்டும். நடுராத்திரி என்றால் மூத்தவனோடு யார் இருப்பார், அவர் வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும், அவர் எடுக்காவிட்டால் அடுத்த எண் யாருடையது என்பதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். கூடவே அவன் படுக்கை வரிசை, எந்தத் தம்ளரில் தண்ணீர் குடிப்பான், காய்ச்சல் மருந்தின் அளவு. நீங்கள் போவதை அவனிடம் சொல்லாமல் நழுவிப் போக வேண்டாம், தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்ததும் சொல்ல ஒருவரிடம் ஒரே வாக்கியத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள்: "அம்மா பாப்பாவை எடுத்துட்டு வர ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க." சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், ஆபரேஷன் என்றால் ஏழு நாள்வரை ஆகலாம் என்று கணக்குப் போட்டு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். ஆபரேஷன் ஆனால் அடுத்த ஆறு வாரம் பிறந்த குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, மூத்தவனும் அதில் அடக்கம். மடிக்கு வரும் பழக்கத்தை இப்போதே சொல்லிக்கொடுப்பது அதற்கும் உதவும்.

அரசுப் பதிவு வேலை ஒன்றும் உண்டு. இந்தக் கர்ப்பத்தையும் பிக்மியில், அதாவது அரசின் கர்ப்பப் பதிவேட்டில், பதிந்திருக்க வேண்டும்.  முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கும் உண்டு, ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். இன்னும் பதியவில்லை என்றால் இந்த வாரமே கிராம அல்லது நகர்ப்புற சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள்.

முதல் சந்திப்பில் உங்கள் இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். மூத்தவன் அறைக்குள் வரும்போது சின்னது தொட்டிலில் இருக்க வேண்டும். முதலில் அவனை மடியில் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தானாகத் தொட்டிலைப் பார்க்கும்வரை காத்திருங்கள். வீட்டுக்கு நுழையும்போது ஆரத்தியில் அவனையும் சேர்த்து நிறுத்துங்கள். பார்க்க வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள், முதலில் பெரியவனிடம் பேசிவிட்டுப் பிறகு குழந்தையைப் பார்க்கட்டும்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொன்றும் அரை மணி என்றால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நீங்கள் எழ முடியாது. மூத்தவனின் சேட்டையெல்லாம் அந்த நேரத்தில்தான். அதற்கு ஒரு கூடை தயார் செய்யுங்கள். பால் கொடுக்கும்போது மட்டும் வெளியே வரும், முடிந்ததும் உள்ளே போகும். நான்கு சின்ன டபரா, மூடிபோட்டுத் திறக்கும் டப்பா, துணிக் கிளிப், இரண்டு படப் புத்தகம் போதும். மணி, நாணயம், பொத்தான் பேட்டரி எதுவும் வேண்டாம். உட்காருமுன் அறைக் கதவைச் சாத்துங்கள், அவனை ஒன்றுக்குப் போக வையுங்கள், இருவருக்கும் தண்ணீர் வையுங்கள். போனைக் கொடுப்பது சுலபம்தான். ஆனால் பத்து வேளையும் போன் என்றால் நாளுக்கு ஐந்து மணி நேரம். இந்த வயதுக்கு ஒரு மணி நேரமே உச்சம்.

காத்திருக்கச் சொல்வது எப்போதும் மூத்தவனிடம்தான் என்று ஆகிவிடக் கூடாது. சின்னது தூங்கி விழித்து முனகும்போது, அவன் காதில் விழும்படி, "இரு பாப்பா, அண்ணனுக்குச் சோறு ஊட்டிட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். குழந்தைக்கு அது புரியாது, இரண்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது. மூத்தவனுக்கு நன்றாகப் புரியும்.

அடிப்பான், கிள்ளுவான், தொட்டிலை வேகமாக ஆட்டுவான். கையை நடுவில் வைத்துத் தடுத்து, "மெதுவா, இப்படி" என்று அவன் கையைப் பிடித்துக் குழந்தையின் காலைத் தடவச் சொல்லிக்கொடுங்கள். முகத்தைத் தொட வேண்டாம், காலைத் தொடட்டும். இருவரையும் ஒரே அறையில் தனியாக விடக் கூடாது, கதவைத் திறக்கப் போகும் அந்த ஒரு நிமிடம்கூட. இரவில் சின்னதுக்குப் பக்கத்தில் மூத்தவன் படுக்கக் கூடாது. அவன் அப்பா பக்கம். சின்னதுக்குத் தூளி கட்டினால் அது வெறுமனே இருக்கும்போதெல்லாம் முடிச்சுப் போட்டு மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். தூளிக்குள் ஏறிச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிப் போகும் விபத்துகள் மூன்று, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக்கூட நடந்திருக்கின்றன.

ஒன்றரை மாத ஊசிக்குச் சின்னதைத் தூக்கிக்கொண்டு போகும்போது மூத்தவனையும் கூட்டிப்போய் எடை போடுங்கள். இந்த வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ, அதாவது மாதத்துக்கு 150, 200 கிராம் ஏற வேண்டும். இரண்டு மாதமாக ஏறவே இல்லை, அல்லது இறங்கியிருக்கிறது என்றால் செவிலியரிடம் மேற்கையின் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.